தேரி மண்ணும் கரிசலும்: மினியேச்சர் வீரர்களுக்கு வண்ணமும் பேஸும்

மேசைப்போர் விளையாட்டுக்கு 28 மில்லிமீட்டர் வீரர் பொம்மைகளை வாங்கியவுடன் எல்லோரும் வண்ண டப்பாவைத்தான் திறப்பார்கள். ஆள் நிற்கும் அடித்தட்டான பேஸ் கடைசி வேலை, மீந்த மண்ணைத் தூவினால் போதும் என்ற நினைப்பு. முதலில் தீர்மானிக்க வேண்டியது அந்த வீரன் எந்த மண்ணில் நிற்கிறான் என்பதைத்தான். சிவப்புக் கோட்டுச் சிப்பாயைத் தேரி எனும் செம்மணல் மேட்டு மண்ணில் நிறுத்திவிட்டு மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். கோட்டும் மண்ணும் ஒன்றாகி ஆள் காணாமல் போய்விடுவான். அதே ஆள் கரிசலில் நின்றால் கோட்டின் சிவப்பு எடுப்பாகத் தெரியும்.

பாஞ்சாலங்குறிச்சிப் போரை, அதாவது 1799-ஐயோ 1801-ஐயோ, மேசையில் வைக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல்தான். பெட்டியோடு வரும் பச்சைப் புல் பொடியை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் அந்தப் பச்சை எங்கும் கிடையாது.

வாங்க வேண்டியவை

மைசூர், மராத்தா காலாட்படை என்று விற்கும் உலோக மினியேச்சர்களில் வேட்டியும் தலைப்பாகையும் கட்டிய ஆட்களைப் பொறுக்கினால் பாளையக்காரர் படைக்குப் பொருந்தும். முதல் தடவை பத்துப் பேர் போதும். தூரிகையில் 2-ம் எண், 0 எண், டிரை பிரஷ்ஷுக்கு, அதாவது தூரிகையில் வண்ணத்தைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பதற்கு, ஒரு பழைய தட்டைத் தூரிகை. அக்ரிலிக்கில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர் என்று ஆறு நிறம். இவை தவிர மேட் மீடியம் (வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற, பளபளக்காத திரவம்), சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), ஃபெவிகால், ஃபெவிக்விக், எம்-சீல்.

பேஸுக்கு ஹார்ட்வேர் கடையில் 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இரும்பு வாஷர் கேளுங்கள். கனமாக இருப்பதால் ஆள் கவிழ மாட்டான், காந்தத்திலும் ஒட்டும். நாணயத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதைச் சிதைப்பது சட்டப்படி குற்றம்.

1. சுத்தம் செய்தல்

வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் கூர்முனையால் வெட்டாமல், கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடுங்கள். பெயின்ட் ஏறிய பிறகு இந்தக் கோடு இரண்டு மடங்கு தெரியும். அதிலும் முகத்தின் நடுவில் ஓடினால் ஆளே கெட்டான். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் காய்ந்ததும் வெள்ளை படியும்.

2. ஈட்டி

பாளையக்காரர் ஈட்டி 18 முதல் 20 அடி நீளம் என்று அவர்களோடு பொருதிய ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் ஆள் உத்தேசமாக 60-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 18 அடி ஈட்டி 9 சென்டிமீட்டர் வரும், ஆளைப் போல மூன்று மடங்கு. வார்ப்போடு வரும் ஈட்டி குட்டையாக இருக்கும், விரல் பட்டாலே வளையும். அதை நறுக்கிவிட்டு 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வையுங்கள். ஒரு முனையை இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் தட்டையாகும். நகவெட்டியால் இரு பக்கமும் கிள்ளினால் வேலிலை கிடைத்துவிடும். பொம்மையின் உள்ளங்கையில் 1 மில்லிமீட்டர் துளை போட்டுக் கம்பியை நுழைத்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்கள். தென்னை ஈர்க்கு கைக்கு எளிதில் கிடைக்கும்தான், ஆனால் பெட்டியில் போட்டு எடுக்கும்போது முதலில் ஒடிவது அதுதான்.

3. பிரைமர்

வாஷரின் நடுத்துளையை எம்-சீலால் அடைத்து, அது இறுகுவதற்குள் ஆளின் பாதத்தை அதில் அழுத்தி நிறுத்துங்கள். மறுநாள் ஒரு மாத்திரை டப்பாவின் மூடியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிக்கொண்டால் கையில் பிடித்து வேலை செய்யலாம்.

ஸ்பிரேயை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஆளைத் தாண்டித் தொடங்கி ஆளைத் தாண்டி நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வீசும் காற்றில் மொட்டை மாடியில் நின்று அடிக்கவே கூடாது. துளி ஆளைச் சேருமுன்னே காற்றில் காய்ந்து பொடியாகி, மேலெல்லாம் மணல்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். காற்று எழும்புமுன் காலையில், ஒரு சுவர் மறைவில் அடியுங்கள். பிளாஸ்டிக் மினியேச்சர் என்றால் முதலில் கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள். சில ஸ்பிரேக்கள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

4. வண்ணம்

பாளையங்கோட்டை வெயிலில் தட்டில் பிழிந்த அக்ரிலிக் ஐந்து நிமிடம் தாங்காது. மூடியுள்ள டிபன் டப்பாவில் டிஷ்யூ பேப்பரை நனைத்து விரித்து, மேலே கேக் சுடும்போது வைக்கும் பேப்பரைப் போட்டு அதன்மேல் கலக்குங்கள். மெழுகு பூசிய பேப்பர் என்றால் அடியிலிருந்து ஈரம் ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பெயின்ட் பால் பதத்துக்கு வர வேண்டும். ஒரே தடவையில் மூட நினைக்காமல் இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்.

தோலுக்கு இரண்டு பங்கு பர்ன்ட் சியன்னாவும் ஒரு பங்கு பர்ன்ட் அம்பரும். வெளிநாட்டு விளக்கங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தோலை வெளிச்சமாக்க வெள்ளையைச் சேர்ப்பார்கள். நம் ஆட்களின் நிறத்தில் வெள்ளை விழுந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். மஞ்சள் ஓக்கரைச் சேருங்கள். மூக்கு நுனி, கன்ன மேடு, தோள், முழங்கால் சில்லு, இந்த நான்கு இடம் போதும். வெயிலில் வேர்த்த உடம்பின் மினுமினுப்பு அங்கேதான் தெரியும்.

வேட்டியை வெள்ளையில் தொடங்காதீர்கள். வெள்ளைக்கு மேல் வெளிச்சம் காட்ட வேறு நிறம் கிடையாது. வெள்ளையோடு ஓக்கரும் ஒரு துளி அம்பரும் கலந்து, கோடித் துணியின் பழுப்பு நிறத்தில் முழுவதும் பூசுங்கள். சுத்த வெள்ளை மடிப்பின் முகட்டில் மட்டும் வரட்டும்.

வாஷ் என்பது பள்ளங்களில் நிழல் தேங்க வைக்கும் நீர்த்த வண்ணம். அம்பர் ஒரு சொட்டு, மேட் மீடியம் நான்கு, தண்ணீர் ஆறு. மீடியம் இல்லாமல் வெறும் தண்ணீரில் கரைத்தால், துளி காயும்போது வண்ணம் விளிம்புக்கு ஓடி, தேநீர்க் கறை போல வளையம் விழும். தேங்கிய இடத்தை ஈரத் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்த பிறகு தொட்டால் தோல் உரிந்த மாதிரி பிய்ந்து வரும்.

5. மண்

இது பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம். அளவுக் கணக்கை மறக்காதீர்கள்: 60-ல் ஒரு பங்கு உலகத்தில் 1 மில்லிமீட்டர் ஆற்று மணல் 6 சென்டிமீட்டர் கல். அதை அப்படியே தூவினால் உங்கள் வீரன் சல்லிக் குவியலில் நிற்பான். குதிரைமொழித் தேரி போன்ற இடங்களின் மணல் காற்று அடித்துச் சேர்த்தது. உருண்டையாகவும் நைசாகவும் இருப்பதால் அளவுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு கைப்பிடி மண் ஐம்பது பேருக்குக் காணும். கடற்கரை மணல் என்றால் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவாமல் தொடாதீர்கள், மழைக்காலத்தில் உப்பு பூத்து வெளியே வரும். எந்த மண்ணானாலும் தேநீர் வடிகட்டியில் சலித்து, பழைய வாணலியில் பத்து நிமிடம் வறுங்கள். இல்லாவிட்டால் மண்ணோடு வரும் ஈரமும் விதையும் பிறகு பூஞ்சணமாகும்.

தேரிக்கு: ஃபெவிகாலை மூன்றுக்கு ஒன்று தண்ணீர் விட்டுப் பூசி, மணலில் முக்கி, ஒரு இரவு காய விடுங்கள். பசை ஏறியதும் மண் ஒரு நிறம் கறுக்கும். ஓக்கர் கலந்த சியன்னாவால் மேலோட்டமாக டிரை பிரஷ் செய்தால் பழைய வெளிச்சம் திரும்பும்.

கரிசல் வேறு விதம். நீர் வற்றினால் அது தானே சுருங்கி வெடிக்கும், அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். சலித்த கரிசலைத் தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, ஃபெவிகால் பூசிய பேஸில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவி, நிழலில் விடுங்கள். மறுநாள் காலையில் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். கனம் கூடினால் கட்டம் பெரிதாகும், வெடிப்பும் அகலமாகும். 3 மில்லிமீட்டர் வைத்தீர்களானால் ஆளின் பாதமே உள்ளே போகிற பிளவு விழும். குழைக்கும்போதே மண்ணில் ஃபெவிகால் கலந்துவிட்டால் வெடிப்பே வராது. வெடித்த பின்பு, ஒன்றுக்கு நான்கு தண்ணீர் விட்ட ஃபெவிகாலை வெடிப்புகளில் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே ஓடு ஓடாகக் கழன்று விழும்.

காய்ந்த புல்லுக்குப் பழைய பத்தமடைப் பாயின் ஓரத்துக் கோரை அருமையாக இருக்கும். நகத்தால் நாலாகக் கிழித்து, 5 மில்லிமீட்டராக நறுக்கி, ஏழெட்டு இழையைப் பசையில் தோய்த்து நடுங்கள். ஒரு பேஸுக்கு ஒரு தூர், அதுவும் ஓரமாக. உடைமரத்துச் சுள்ளி 2 சென்டிமீட்டர் நட்டால் முள்வேலி ஆயிற்று. பேஸின் விளிம்பை முழுப் படைக்கும் ஒரே கரும்பழுப்பாகப் பூசுங்கள்.

6. வார்னிஷ்

பளபளக்காத மேட் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளை மூட்டம் படியும். பதறி உரிக்க வேண்டாம். தூரிகையால் பளபளக்கும் கிளாஸ் (gloss) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் மூட்டம் மறையும். வெயில் வந்த நாளில் மறுபடி மேட் அடித்துக்கொள்ளலாம்.

ஸ்வீட் பெட்டியின் அடியில் காந்தத் தாளை ஒட்டி அதில் படையை நிறுத்துங்கள். மூடி 10 சென்டிமீட்டராவது உயரமாக இருக்கட்டும். பேஸின் கனம், ஆளின் உயரம், தலைக்கு மேல் நீளும் ஈட்டி எல்லாம் சேர்த்து ஒரு தடவை அளந்துவிட்டே பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.