கப்பலைப் பார்த்து நாள் குறியுங்கள்: அமோர்கோஸ் தீவுக்கு முதல் பயணம்

கிரீஸ் என்றதும் நம் எல்லோர் கண்ணிலும் சாண்டோரினியின் நீலக் குவிமாடம்தான் வந்து நிற்கும். போய்ப் பார்த்தால், ஓயா கிராமத்தில் சூரியன் மறைவதைக் காணத் தேர்த்திருவிழாக் கூட்டம். அதே ஈஜியன் கடலில், சைக்லேட்ஸ் தீவுகளின் கிழக்கு ஓரத்தில் அமோர்கோஸ் இருக்கிறது. நீளமான, ஒல்லியான மலைத்தீவு. ஊரில் மொத்தமே சுமார் 2000 பேர். விமான நிலையம் கிடையாது. அங்கே அமைதி மிஞ்சியிருப்பது அதனால்தான். முதல்முறை போகிறவர்கள் திட்டத்தில் கோட்டை விடுவதும் அதே காரணத்தால்தான்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

என் ஓட்டு ஜூன் அல்லது செப்டம்பருக்கு. செப்டம்பரில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசும். போதாததற்கு ஆகஸ்ட் 15 மாதா திருநாள். கிரேக்கர்களே சொந்தத் தீவுகளுக்குத் திரும்பும் வாரம், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அக்டோபர் பாதிக்கு மேல் உணவகங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடிவிடும்.

2. விசா

இந்தியக் கடவுச்சீட்டு என்றால், கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாள்தான் கடைசி எல்லை, அதுவரை காத்திருக்காதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

3. கப்பல் (இதை நிதானமாகப் படியுங்கள்)

நாம் வழக்கமாக விமானச்சீட்டை எடுத்துவிட்டு மற்றதை யோசிப்போம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் கப்பல் எந்தக் கிழமைகளில் போகிறது, எத்தனை மணிக்குக் கரை சேருகிறது என்று பாருங்கள். கோடைக்கால அட்டவணை குளிர்காலத்தில்தான் மெல்ல மெல்ல வெளிவரும்.

வழி இரண்டு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் நேராகப் போகலாம். நடுவில் எத்தனை தீவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து 7 முதல் 9 மணி நேரம் ஆகும். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ ரயில் மாறாமலே போகிறது, சுமார் ஒரு மணி நேரம். துறைமுகம் மிகப் பெரியது. எந்த வாயில் எண் என்று முன்பே பார்த்து வையுங்கள். தவறான வாயிலில் இறங்கினால் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இன்னொரு வழி, நக்ஸோஸ் தீவில் ஓரிரு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்' என்ற சிறு கப்பலைப் பிடிப்பது. ஈராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசியா என்று குட்டித் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். பெயரில் மட்டும்தான் எக்ஸ்பிரஸ். அலை அடித்தால் ஊஞ்சல், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

அடுத்து, ஒரு கிரேக்கச் சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: 'அபகோரெஃப்டிகோ'. காற்று பலத்தால் கப்பல் புறப்படத் தடை என்று பொருள். விரைவுப் படகுகள் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முதல் தடவை ஓர் ஆகஸ்டில், திரும்பும் கப்பலையும் ஊருக்கான விமானத்தையும் ஒரே நாளில் வைத்திருந்தேன். துறைமுகக் காபிக்கடைக்காரர் வானத்தைக்கூடப் பார்க்காமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இன்னொரு காபி ஊற்றினார். விமானச்சீட்டுப் பணம் போனது போனதுதான். ஆகவே விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவு.

4. எந்தத் துறைமுகம்?

தீவில் இரண்டு துறைமுகம்: மேற்குப் பக்கம் கடாபோலா, வடக்கே எகியாலி. இரண்டுக்கும் நடுவே மலைச்சாலை. அறையை ஒன்றில் போட்டுவிட்டு, சீட்டை இன்னொன்றுக்கு எடுத்து, நள்ளிரவில் இறங்கித் திண்டாடுகிறவர்கள் உண்டு. கடற்கரையும் நடைப்பயணமும் வேண்டுமென்றால் எகியாலி. அதன் மேலே லங்காதா, தொலாரியா என்ற மலைக்கிராமங்கள் இருக்கின்றன. தீவின் தலைநகரான ஹோரா மலைமேல், கடாபோலாவுக்கு அருகில். அறை வாடகையோடு அரசு வரியும் தனியாக வரும்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவுக்கு 2 யூரோவில் தொடங்கி, 5 நட்சத்திர விடுதியில் 15 யூரோ வரை.

5. தீவுக்குள்

பேருந்து உண்டு, குறைவாகத்தான். வண்டி வாடகைக்கு எடுக்க இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நடக்கப் பிடிக்குமா? ஹோராவிலிருந்து எகியாலிக்குப் பழைய மலைப்பாதை போகிறது, நான்கைந்து மணி நேரம். நிழல் கிடையாது, தண்ணீர் சுமந்து போக வேண்டும்.

6. ஒரு காலையை ஹோசோவியோடிஸ்ஸாவுக்கு ஒதுக்குங்கள்

கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பை அள்ளி அப்பியது போல ஒரு மடம். 1088ஆம் ஆண்டு, பைசாண்டியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அகலம் சுமார் 5 மீட்டர்தான். உயரம் மட்டும் பல அடுக்கு. 300க்கு மேற்பட்ட படிகள், வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். ஆண்களுக்கு முழுக்கால்சட்டை கட்டாயம், பெண்கள் பாவாடை போல நீளமாக உடுத்த வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். தரிசனம் முடிந்ததும் லூகூமி என்ற மிட்டாயும், தேனும் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய ராக்கியும் தந்து உபசரிப்பார்கள். ராக்கி சாராயம்தான், வேண்டாதவர்கள் மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. சாப்பாடு

அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சமைத்த 'பதாதாதோ'. சைவக்காரர்கள் 'ஃபாவா' கேளுங்கள்: மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் தூவியது. நம் பருப்பு மசியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'நிஸ்டிசிமோ' என்றால் நோன்பு உணவு. கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. ஆனால் அவர்கள் நோன்புக் கணக்கில் கணவாய்க்கும் இறாலுக்கும் தடை இல்லை. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள்.