கொரோனா மாதிரி தொற்று வந்து லைப்ரரியை பூட்டினாலும் ஊருக்கு உதவுறது எப்படி?

மொதல்ல வைஃபையை ஆஃப் பண்ணாதீங்க. 2020ல அமெரிக்காவுல நெறைய லைப்ரரிங்க கட்டடத்தை பூட்டிட்டு வைஃபையை மட்டும் ராப்பகலா ஓட விட்டாங்க, வீட்ல நெட் இல்லாத பசங்க வெளிய பார்க்கிங்ல கார்ல உக்காந்தே ஆன்லைன் கிளாஸ் படிச்சாங்க, என்னைக் கேட்டா இதை விட பெரிய உதவி வேற இல்ல.

அப்புறம் புக்கு. என்ன வேணும்னு போன்ல கேட்டு, பையில போட்டு பேர் எழுதி வாசல்ல மேஜை மேல வச்சிடுங்க, ஆளுக்கொரு நேரம் சொல்லிட்டா கூட்டம் சேராது. திரும்பி வர்ற புக்குல சானிடைசர் அடிக்காதீங்க ப்ளீஸ், பேப்பர் பாழாயிடும். கொரோனா ஆரம்பத்துல திரும்பி வந்த புக்கை சில நாள் தனியா ஒதுக்கி வச்சுதான் எடுத்தாங்க, ஆனா 2021ல அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசியே பொருளைத் தொட்டு கொரோனா பரவுற வாய்ப்பு கம்மின்னு சொல்லிடுச்சு, அதனால காசு இருந்தா காத்தோட்டத்துக்கு செலவு பண்ணுங்க.

இடம் சும்மா கெடந்தா அதையும் குடுங்க, டொரண்டோவுல மூடின கிளைகள்லயே உணவு வங்கி நடத்தினாங்க. மெம்பர் லிஸ்ட்ல தனியா இருக்குற வயசானவங்களுக்கு வாரம் ஒரு தடவையாவது போன் போட்டு பேசுங்க, மருந்து இருக்கா, தடுப்பூசிக்கு பதிவு பண்ணியாச்சான்னு கேளுங்க, பண்ணலைன்னா நீங்களே பண்ணிக் குடுங்க.