ஒரு கைக்குட்டை, பதின்மூன்று முடிச்சு: வீட்டிலேயே பாந்தினி செய்யலாம்

துணியில் சிறு சிறு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகள் வரவைக்கும் கைவேலைதான் பாந்தினி. குஜராத்தில் இந்தத் துணியை முடிச்சு அவிழ்க்காமலே விற்பது உண்டு. வாங்க வந்தவர் கண்முன்னே இருவர் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக் குறுக்காக இழுப்பார்கள். நூல் படபடவென்று தெறித்து உதிரும்; சுருங்கிக் கிடந்த துணி விரிந்து புள்ளி புள்ளியாகப் பூக்கும். அச்சு அல்ல, கையால் கட்டியது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்த ஒரு நொடியை நீங்களும் அனுபவிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாந்தினி என்ற பெயரே 'கட்டுதல்' என்ற பொருளில் வந்ததுதான். கட்ச் பகுதியும் ஜாம்நகரும் இதற்குப் பெயர் போனவை. கட்சில் சாயம் தோய்ப்பதில் கத்ரி சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். மதுரைச் சுங்குடியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் புள்ளி புதிதல்ல. சௌராஷ்டிர மக்களோடு நம் ஊருக்கு வந்த கைவேலை அது.

தேவையானவை

கைக்குட்டை அளவில் மெல்லிய வெள்ளை மல் துணி, பருத்தித் தையல் நூல், பருத்திக்கான மஞ்சள், சிவப்புச் சாயப்பொடி (குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் வகை), உப்பு, சலவைச் சோடா, கையுறை, சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய வாளி.

முதல் படி: கஞ்சி போக்குதல்

துணியைச் சோப்புப் போட்டு நன்றாக அலசுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

இரண்டாம் படி: குறியிடுதல்

அங்கே காவியைக் கரைத்துக் குறியிடுவார்கள், அலசினால் போய்விடும். உங்களுக்குப் பென்சில் போதும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டமாகப் பன்னிரண்டு. புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை செ.மீ. இடைவெளி விடுங்கள். கை பழகியவர்கள் துணியை நான்காக மடித்துக் கட்டுவார்கள், ஒரு முடிச்சில் நான்கு புள்ளி விழும். முதல் முறை மடிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கட்டுதல்

வேலையே இதுதான், அவசரப்படாதீர்கள். குறியிட்ட இடத்தை அடியிலிருந்து நகத்தால் மேலே தள்ளுங்கள். கட்சுப் பெண்கள் இதற்காகவே நகம் வளர்ப்பார்கள், அல்லது கூர்முனை கொண்ட மோதிரம் போட்டுக்கொள்வார்கள். எழும்பிய துணி மிளகளவு இருந்தால் போதும். அதன் தலையை விட்டுவிட்டுக் கழுத்தில் நூலை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். நூலுக்குள் இருக்கும் பகுதி வெள்ளையாக நிற்கும். வெளியே நீட்டிய தலை சாயம் குடிக்கும். அதனால்தான் நல்ல பாந்தினிப் புள்ளி வெறும் வட்டமாக இல்லாமல், நடுவில் ஒரு கண்ணோடு இருக்கிறது. கடையில் அச்சுத் துணியைக் கண்டுபிடிக்கவும் இந்தக் கண்ணைத் தேடுங்கள்.

ஒரு முடிச்சு முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போங்கள். ஒரே ஓட்டமாக இருந்தால்தான் கடைசியில் ஒரே இழுப்பில் எல்லாம் கழன்று வரும்.

நான்காம் படி: மஞ்சள், பிறகு சிவப்பு

எப்போதும் வெளிர் நிறம் முதலில். பொட்டலத்தில் சொன்ன அளவில் சாயம், உப்பு, சலவைச் சோடா சேர்த்து மஞ்சளில் தோய்த்து, அலசி, உலர்த்துங்கள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களில் இப்போது புதிதாகச் சில முடிச்சுகள் போட்டுச் சிவப்பில் தோய்த்தால், சிவப்புத் தரையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் கிடைக்கும்.

குஜராத்தி மணப்பெண்ணின் கர்சோளு சேலையும் இப்படித்தான் சிவந்து வருகிறது. மாமியார் வீட்டார் தரும் சேலை அது. ஜரிகைக் கோடுகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்; மரபாக 12 அல்லது 52 கட்டங்கள், கட்டத்துக்குள் யானை, பூ, ஆடும் பெண் என்று எல்லாமே புள்ளிகளால் ஆனவை. பதின்மூன்று முடிச்சுக்கே விரல் நோகும்போது அந்தச் சேலையின் விலை உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும்.

ஐந்தாம் படி: அவிழ்த்தல்

தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் முழுக்க உலர விடுங்கள். நான் முதல்முறை ஆவல் தாங்காமல் ஈரத்திலேயே இழுத்தேன். முடிச்சில் தேங்கியிருந்த சிவப்பு வெள்ளையில் கசிந்து, புள்ளிகள் எல்லாம் மங்கிவிட்டன. நன்றாகக் காய்ந்த பின், எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஒரே இழுப்பு.

முதல் சில முறை தனியாகத் துவையுங்கள். முடிச்சு விட்டுச்சென்ற சிறு சிறு குமிழ்கள் துணியில் நிற்கட்டும், இஸ்திரி போட்டு அவற்றைத் தட்டையாக்கிவிடாதீர்கள்.