வேர்ட்பிரஸ் தளத்துக்குத் தீம் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கு, படிப்படியாக

வேர்ட்பிரஸ் நிறுவியாகிவிட்டது, டாஷ்போர்டும் திறந்துவிட்டது. அடுத்த வேலையாகப் பலரும் தீம், அதாவது தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் வடிவமைப்புத் தொகுப்பு, தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன; ஒவ்வொரு டெமோவும் முந்தையதைவிட அழகாகத் தெரிகிறது. பிடித்த ஒன்றை நிறுவிப் பார்த்தால், தளம் அந்த டெமோவைப் போல இருப்பதே இல்லை. ஏனென்றால் டெமோவின் அழகில் பெரும்பகுதி அதில் போட்டிருக்கும் புகைப்படங்களின் அழகு. திரையை நிறைக்கும் தேர்ந்த படங்கள், இடத்துக்கு ஏற்றபடி அளவாக வெட்டிய தலைப்புகள். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் தீம்.

அதனால் தீமை உங்கள் எழுத்தையும் உங்கள் படங்களையும் வைத்துச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். வேர்ட்பிரஸை வைத்தே விளக்குகிறேன். பிளாகர், ஷாப்பிஃபை போன்றவற்றில் பட்டன்களின் பெயர் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

படி 1: தேடும் முன் கொஞ்சம் எழுதிவிடுங்கள்

முகப்புப் பக்கம் ஒன்று, உங்களைப் பற்றிய பக்கம் ஒன்று. அப்புறம் ஒரு நீண்ட கட்டுரை: அதில் துணைத் தலைப்பு, பட்டியல், மேற்கோள், அட்டவணை, இரண்டு படம் எல்லாம் இருக்கட்டும். கடைசியாக, படமே இல்லாத ஒரு சின்னப் பதிவு. இந்த நான்கும் போதும். முழுமையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் உண்மையில் வெளியிடப்போகும் எழுத்தாக இருக்க வேண்டும்.

எழுதும்போதே தளத்தின் குணம் தெரிந்துவிடும். படங்கள்தான் பேசப்போகின்றன என்றால் கட்ட வடிவ கேலரித் தீம் பொருந்தும். நீண்ட கட்டுரைகள்தான் என்றால் ஒரே நெடுவரிசையாக ஓடும் அமைப்பும் படிக்க வசதியான எழுத்தும்தான் முக்கியம்; முகப்பில் ஓடும் ஸ்லைடரால் ஒரு பயனும் இல்லை.

படி 2: தோற்றம் தீமின் வேலை, வசதிகள் பிளகினின் வேலை

பிளகின் என்பது தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் தனி மென்பொருள். புதியவர்கள் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. சில தீம்கள் ஸ்லைடர், தொடர்புப் படிவம், விலைப்பட்டியல், பக்க வடிவமைப்பான் என்று எல்லாவற்றையும் தமக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வருகின்றன. பட்டியலைப் பார்க்கும்போது லாபமாகத் தோன்றும். ஒன்றிரண்டு ஆண்டு கழித்துத் தீமை மாற்றும்போதுதான் விளைவு தெரியும். பழைய தீமின் குறுங்குறிகளை (ஷார்ட்கோடு) வைத்து அமைத்த பக்கங்களில் பட்டனும் கட்டங்களும் இருந்த இடத்தில், சதுர அடைப்புக்குறிக்குள் புரியாத குறியீடுகள் மட்டும் அப்படியே எழுத்தாகத் தெரியும். அவற்றை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் சரிசெய்ய வேண்டிவரும்.

தொடர்புப் படிவம் வேண்டுமா? அதற்கென்று பிளகின் இருக்கிறது. எந்தத் தீமுக்கு மாறினாலும் அது கூடவே வரும். அதனால் தீம் பக்கத்தில் வசதிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனால் அதைப் பலமாக எண்ணாதீர்கள். என்னைக் கேட்டால், அது தயங்க வேண்டிய இடம்.

படி 3: பிளாக் தீமா, கிளாசிக் தீமா?

2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து இரண்டு வகைத் தீம்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கிளாசிக் தீமில் தலைப்பகுதி, அடிப்பகுதி போன்றவற்றின் அமைப்பைத் தீம் எழுதியவர் முடிவு செய்திருப்பார்; கஸ்டமைசர் என்ற அமைப்புத் திரையில் அவர் விட்டுவைத்த அளவுக்கு நிறம், லோகோ ஆகியவற்றை நீங்கள் மாற்றலாம். பிளாக் தீமில் தலைப்பகுதி முதல் அடிப்பகுதி வரை எல்லாமே பிளாக் எனப்படும் தனித்தனித் துண்டுகளால் ஆனவை; அவற்றைத் திருத்தும் திரையான சைட் எடிட்டரில் எல்லாமே திறக்கும். கோடு (நிரல்) எழுதத் தெரியாமலேயே மெனுவை இடம் மாற்றலாம், எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம்.

இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பிளாக் தீமைத்தான் சொல்வேன். சைட் எடிட்டர் பிடிபட முதலில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வேர்ட்பிரஸோடு இலவசமாகவே வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் இந்த வகைதான். அதைச் சாதாரணம் என்று ஒதுக்காமல் ஒப்பீட்டுக்காகவாவது முதலில் அதில் உங்கள் நான்கு பக்கங்களைப் பாருங்கள். வேறு தீமே தேவையில்லை என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை.

படி 4: வடிகட்டி, மூன்றுக்குக் குறையுங்கள்

டாஷ்போர்டில் அப்பியரன்ஸ், அதற்குள் தீம்ஸ், அதற்குள் புதிய தீம் சேர்க்கும் பட்டன். அங்கே ஃபீச்சர் ஃபில்டர் இருக்கும். வலைப்பதிவு, செய்தி, புகைப்படம், கடை என்று பொருள்வாரியாகவும், வசதிவாரியாகவும் தேடலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் விசைப்பலகையால் மட்டும் இயக்குகிறவர்களுக்கும் ஏற்ற தீம்களைக் காட்டும் ஆக்செசிபிலிட்டி ரெடி என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும். கவனமாகச் செய்த தீம்கள் மிஞ்சும்.

ஒரு தீம் பிடித்திருந்தால் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் அதன் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாத தீமை நான் எடுக்கமாட்டேன். நட்சத்திரங்களின் சராசரியைவிட ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படியுங்கள். உதவி மன்றத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்பதும் அங்கேயே தெரியும். உங்களுக்கும் ஒருநாள் அந்த உதவி தேவைப்படும்.

கட்டணத் தீம்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். நல்ட் தீம் என்று சொல்லப்படும் இவற்றில் கள்ளக்கோடு ஒளிந்திருப்பது சகஜம். உங்கள் தளத்துக்கு வருகிறவர்களை வேறெங்காவது திருப்பிவிடும். அதிகாரபூர்வக் கிடங்கில் இருப்பவை பரிசோதனைக்குப் பிறகே சேர்க்கப்படுகின்றன.

படி 5: உங்கள் பக்கங்களை வைத்துப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தீமை இன்ஸ்டால் மட்டும் செய்துவிட்டு லைவ் பிரிவியூவை அழுத்தினால், உங்கள் பக்கங்கள் புதிய தீமில் தெரியும். வருகிறவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. பிளாக் தீம்களுக்கு இந்த வசதி 2023-இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. தளம் புதிதுதான், இன்னும் யாரும் வரவில்லை என்றால் தயங்காமல் ஆக்டிவேட் செய்தே பாருங்கள். அப்போதுதான் கைபேசியிலும் எளிதாகத் திறந்து பார்க்க முடியும்.

முதலில் நீண்ட கட்டுரையைத் திறங்கள். பெரும்பாலான தீம்கள் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கூடுதல் இடம் வேண்டும். தலைப்பு இரண்டு வரியாக மடியும்போது மேல்வரியில் உள்ள 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ச்சுழியும், கீழ்வரியில் உள்ள 'கி', 'ணீ' போன்றவற்றின் மேல்வளைவும் முட்டிக்கொள்கின்றனவா? அப்படியானால் அந்தத் தீமில் தலைப்புக்கான வரி உயரம் 1.1, 1.2 என்று குறைவாக இருக்கும். பிளாக் தீம் என்றால் ஸ்டைல்ஸ், டைபோகிராஃபி, ஹெடிங்ஸ் என்று போய் அதை 1.4 ஆக்கினால் சரியாகிவிடும். சில தீம்கள் தலைப்பில் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியையும் குறைத்து வைத்திருக்கும். தமிழில் எழுத்துகள் நெருங்கி ஒட்டிக்கொண்டது போல் ஆகிவிடும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மேற்கோள் பகுதி சாய்வெழுத்தாக வருகிறதா என்றும் பாருங்கள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனிச் சாய்வு வடிவம் இருக்காது. உலாவி நேர் எழுத்தையே வலிந்து சாய்த்துக் காட்டும், படிக்கக் கண் வலிக்கும்.

எழுத்துரு விஷயம் இன்னொன்று. தீமோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பார்க்கிறவரின் கருவியில் உள்ள தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழ். நீங்கள் பார்க்கும் தளமும் வாசகர் பார்க்கும் தளமும் வேறுவேறாக இருக்கும். வேர்ட்பிரஸ் 6.5-இல் வந்த ஃபான்ட் லைப்ரரி வழியாகப் பிளாக் தீம்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற ஒன்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

அடுத்தது மெனு. டெமோவில் நான்கைந்து எழுத்துச் சொற்களாக இருந்த இடத்தில் 'எங்களைப் பற்றி', 'தொடர்புகொள்ள' எல்லாம் வந்தால் ஒரே வரியில் அடங்குகிறதா?

இப்போது படமே இல்லாத அந்தச் சின்னப் பதிவு. முகப்புப் பட்டியலில் அதன் இடத்தில் வெறும் சாம்பல் பெட்டி தெரிந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் படம் தேடி அலையப் போகிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு நீங்கள் தயாரா என்று யோசியுங்கள்.

பிறகு கைபேசி. மெனு ஒரே தொடுதலில் திறந்து மூடுகிறதா, அட்டவணை திரையை விட்டு வெளியே ஓடுகிறதா, முதல் திரையிலேயே பதிவின் தலைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் வைத்தும் படியுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம், ஆனால் வாசிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது அணுகல்தன்மை வழிகாட்டுதல்.

படி 6: வேகம்

பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். பக்கத்தின் மிகப்பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது. ஒரே பக்கத்தை மூன்று தீம்களிலும் சோதித்து ஒப்பிடுங்கள். கைபேசிக்கான மதிப்பெண்ணைப் பாருங்கள், கணினிக்கானது பெரும்பாலும் தாராளமாகவே வரும்.

படி 7: காசு கொடுத்து வாங்கலாமா?

முதல் தீமுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. வாங்குவதென்றால் பணம் ஒருமுறையா ஆண்டுதோறுமா, உதவி எத்தனை மாதம், எத்தனை தளத்தில் பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 8: ஆக்டிவேட் செய்த பிறகு

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளம் என்றால் முதலில் பேக்கப் எடுங்கள். பதிவுகள், பக்கங்கள், படங்கள் எதுவும் தீம் மாற்றத்தால் அழியாது. ஆனால் மெனுவை அதன் இடத்தில் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கலாம். புதிய தீமில் இடம் கிடைக்காத விட்ஜெட்டுகள் (பக்கவாட்டிலோ அடியிலோ வைக்கும் சின்னப் பெட்டிகள்) செயலற்ற பட்டியலுக்குப் போயிருக்கும். தோற்றத்தை மாற்றும் கோடு எழுதும் அடிஷனல் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுதியது பழைய தீமோடு நின்றுவிடும். அதனால் அதை மட்டும் முன்பே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீமின் கோப்புகளில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் மாற்றம் எல்லாம் போய்விடும். கோடு அளவில் மாற்ற வேண்டுமென்றால் மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி அதில் செய்யுங்கள்.

சோதித்துப் பார்த்துக் கைவிட்ட தீம்களை நீக்கிவிடுங்கள். அப்டேட் ஆகாமல் கிடக்கும் தீம் பாதுகாப்புக்கு ஆபத்து. ட்வென்டி ட்வென்டி வரிசையில் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். தளத்தில் ஏதாவது கோளாறு வந்தால், காரணம் தீமா பிளகினா என்று அதற்கு மாறிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.