பிக்அப் கேம்பரில் பேட்டரியும் சோலாரும்: நம் ஊர் வெயிலில் செய்யக் கூடாத தவறுகள்

பிக்அப் வண்டியின் பின்பக்கத்தில் படுக்கை, குளிர்பெட்டி, விளக்கு என்று ஒரு சிறு வீட்டையே அமைத்துக்கொண்டு வாரக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை இப்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடிக்கடி பார்க்க முடிகிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பினாங்கு மாநிலத்துப் பிறையில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு வரும் சில வண்டிகளின் பெட்டியைத் திறந்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளைகள் படுக்கும் மெத்தைக்கு அடியில், ஃபியூஸே இல்லாத தடித்த வயர் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தவறுகளில் பாதிக்கு ஒரே காரணம்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் தங்கள் ஊருக்காகச் சொன்ன அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றுகிறோம். உறைபனியில் லித்தியம் பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை. நம்முடைய எதிரிகள் வெப்பம், மர நிழல், மாலை மழை, கடற்காற்று.

கணக்குப் போடாமல் வாங்குவது

"அண்ணே, 100 ஆம்பியர் மணி லித்தியம், கூரையில் 200 வாட் பேனல். கெடாவின் சுங்கை செடிமில் இரண்டாம் இரவு விடிவதற்குள் குளிர்பெட்டி நின்றுவிட்டது. போலி பேட்டரியை விற்றுவிட்டார்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். சோதித்துப் பார்த்தேன், பேட்டரி நல்ல பேட்டரிதான். கணக்குதான் உதைத்தது.

100 ஆம்பியர் மணியை 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 1,280 வாட் மணி. 40 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வாட் மணி வரை குடிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவை இங்கே நம்ப முடியாது. 20 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 200. விளக்கு, கைப்பேசி, பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்து 100. அரிசிக் குக்கர் 400 வாட் என்றால், ஒரு முறை சோறு வடிக்க, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரின் இழப்போடு சேர்த்து ஏறக்குறைய 200. ஆக, ஒரு நாளைக்கே 900, 1,000 என்று வந்துவிடுகிறது. அடர்ந்த மரங்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தியிருந்தார், பேனலால் பெரிதாக உதவ முடியவில்லை. இரண்டாம் இரவு தாக்குப்பிடிக்காததில் வியப்பில்லை.

பழைய ஈய அமில பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் எடுக்கலாம். ஓய்வில் இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள், அதற்கும் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் மளமளவென்று குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில், அதாவது இங்கே நான் லித்தியம் என்று சொல்லும் வகையில், வோல்ட்டைப் பார்த்து மீதியைக் கணிக்கவே முடியாது. முக்கால் இருந்தாலும் பாதி இருந்தாலும் ஏறக்குறைய 13.2 என்றே காட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் சட்டென்று விழும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணும் ஷன்ட் மானி ஒன்றை நெகடிவ் வயரில் பூட்டிவிடுங்கள். இன்னொரு பேட்டரிக்குச் செலவிடும் முன் இதற்குச் செலவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வெப்பத்தை மறப்பது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் மின்னேற்றத்துக்குப் பெரும்பாலும் 45 டிகிரி செல்சியசையும், மின்சாரம் எடுப்பதற்கு 60 டிகிரியையும் எல்லையாக வைத்திருப்பார்கள். திறந்தவெளியில் நிறுத்திய வண்டியின் மூடிய கேனப்பிக்குள், அதாவது பின்தட்டுக்கு மேல் பொருத்தும் கூட்டுக்குள், நண்பகலில் 50 டிகிரியைத் தாண்டுவது எளிது. அப்போது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் மின்சுற்று மின்னேற்றத்தை வெட்டிவிடும். வெயில் கொளுத்தும் நேரத்தில் சோலார் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குப் பேனலில் பழுதே இருக்காது.

பேட்டரியை என்ஜின் அறைக்குள் வைக்காதீர்கள். பின்தட்டில் வைப்பதென்றால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, புகைக்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், அதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். சுற்றிலும் காற்றோட இடம் விடுங்கள். ஈய அமில பேட்டரி என்றால் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது வெளியேற வழி இல்லாத பெட்டியை மெத்தைக்கு அடியில் வைப்பது விபரீதம்.

பலரும் யோசிக்காத ஒன்று, வண்டி சும்மா நிற்கும் நாட்கள். அடுக்குமாடி வீட்டு வாகன நிறுத்துமிடத்தில் வாரக் கணக்கில் வெயிலில் நிற்கும். கூரைப் பேனல் தினமும் பேட்டரியை 100 விழுக்காட்டிலேயே வைத்திருக்கும். லித்தியத்துக்கு முழு நிரப்பும் வெப்பமும் சேர்ந்தே இருப்பது ஆகாது, ஆயுள் குறையும். பேனலைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வைத்து, பாதி அளவில் விட்டுவிட்டுப் போங்கள். ஈய அமிலத்துக்கு இது நேர்மாறு, அதை எப்போதும் நிரம்பியே வைத்திருக்க வேண்டும்.

பேனலைச் சாய்ப்பதும் ஒட்டுவதும்

பேனலைத் தெற்கு நோக்கி இத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பது வடக்கே தொலைவில் இருக்கும் நாடுகளுக்கான பாடம். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்குள்தான் இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டம்பரிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராகவே வந்துவிடும். மிகவும் தள்ளிப்போகும் டிசம்பரில்கூடத் தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு நண்பகலில் எட்டில் ஒரு பங்குதான் இழப்பு. சாய்க்கும் பொறிக்குச் செலவிட வேண்டாம். மழைநீரும் பறவை எச்சமும் தேங்காமல் வழிந்தோடும் அளவுக்குச் சிறு சரிவு போதும்.

கூரையோடு ஒட்டும் வளையும் பேனல் பார்க்க அழகாக இருக்கும், எடையும் குறைவு. நம் வெயிலுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேனலின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு குறையும். கூரையில் 65 டிகிரி என்றால் 14 விழுக்காடு போய்விட்டது. அடியில் காற்றே புகாமல் ஒட்டிய பேனல் இன்னும் சூடாகும், சில ஆண்டுகளில் அடுக்குகள் கொப்புளித்துப் பிரியும். கண்ணாடிப் பேனலைச் சட்டத்தில் ஏற்றி, அடியில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விடுவதே நல்லது.

நிழல் கணக்கும் பலருக்கு ஏமாற்றம் தரும். பேனலின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஈரமான தேக்கிலை ஒன்று ஒரு செல்லை முழுதாக மூடிவிட்டால், அந்த ஒரு செல்லின் பங்கு மட்டும் குறைவதில்லை. அது சேர்ந்திருக்கும் வரிசையே, அதாவது பேனலில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ, வேலையை நிறுத்திவிடும். உலு லங்காட், ஜண்டா பாயிக், தெலுக் பஹாங் போன்ற மரமடர்ந்த இடங்களுக்கே அடிக்கடி போகிறவர்கள் கூரைப் பேனலைப் பெரிதாக்குவதைவிட, வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வைக்கக்கூடிய மடக்குப் பேனலும் நீண்ட வயரும் வாங்குவது பயன் தரும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசை மாறியதால் கருகிய கன்ட்ரோலர்கள் உண்டு.

ஆல்டர்னேட்டரை நம்பி நேராக இணைப்பது

ஆல்டர்னேட்டர் என்பது என்ஜின் சுழற்றும் மின்னாக்கி. என்ஜின் பேட்டரியிலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நேராகப் பின்பக்க பேட்டரிக்கு வயர் இழுப்பது ஈய அமிலக் காலத்துப் பழக்கம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். பெருநாள் நெரிசலில் என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும், ஆனால் அது தள்ள வேண்டிய மின்னோட்டமோ உச்சத்தில் இருக்கும். கம்பிச்சுருள் கருகும் வரை ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. நடுவழியில் பிஎம்எஸ் சட்டென்று வெட்டினால் எழும் வோல்ட் அதிர்ச்சி ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் கொல்லக்கூடும். புதிய வண்டிகளில் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்வதால், நேர் இணைப்பில் பேட்டரி ஒருபோதும் நிரம்பாமலும் போகலாம்.

நடுவில், என்ஜின் பக்க மின்சாரத்தைப் பின்பக்க பேட்டரிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் டிசி டு டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் இவை அனைத்தும் தீரும். 30 ஆம்பியர் சார்ஜர் சிறியது என்று ஒதுக்குகிறார்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். 30 ஆம்பியரில் அது 120 ஆம்பியர் மணி. காலியான 100 ஆம்பியர் மணி பேட்டரி ரவாங் வருவதற்குள் நிரம்பியிருக்கும், அன்று முழுதும் மழையே கொட்டியிருந்தாலும்.

வயரும் ஃபியூஸும்

பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்தப் பகுதியில் தவறினால் தீதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

1,000 வாட் இன்வர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 12 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் மூன்று மீட்டர் தூரம் என்றால் போக வர ஆறு மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஏறக்குறைய 0.65 வோல்ட் வழியிலேயே தொலையும். 35 போட்டால் 0.3. தொலைவது எங்கும் மறைவதில்லை, வயருக்குள் வெப்பமாகிறது. முதலில் தூரத்தைக் குறையுங்கள், பிறகு வயரைத் தடிமனாக்குங்கள்.

வயர் தடிமனாகத் தெரிந்தால் மட்டும் போதாது. காரின் ஒலிபெருக்கிக்கு என்று மலிவாக விற்கும் வயர்களில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறமாக இருந்து உள்ளே செம்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல வயர், பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அடிக்கடி நிறுத்துகிறவர்கள் தேடி வாங்க வேண்டியது அதுதான். நுனியில் மாட்டும் லக் என்ற உலோக முனையைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தாதீர்கள், ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள். நெகடிவுக்கு வண்டிச் சட்டத்தை நம்பாமல் தனி வயர் இழுங்கள், துருப்பிடித்த போல்ட்டில் நூறு ஆம்பியர் ஓடக் கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அரிசிக் குக்கரை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை இன்வர்ட்டரின் பாசிட்டிவிலும் வையுங்கள். காட்டும் வோல்ட்தான் அந்த வழியில் தொலைவது. நெகடிவுக்கும் அப்படியே. அளவு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் ஏதோ ஒரு மூட்டு தளர்வாக இருக்கிறது. கையால் தொட்டுக்கொண்டே போனால் சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. ஆகவே அது பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் மூன்று மீட்டருக்குக் காவலே கிடையாது. மேடு பள்ளத்தில் உரசி உறை கிழிந்தால் பேட்டரி தன் முழு வலுவையும் அங்கே கொட்டும். லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியர்களை ஒரு நொடியில் தள்ளும். அந்த வேகத்தில் மலிவு ஃபியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப் பொறி நிற்காமல் மின்சாரம் தொடர்ந்து பாயலாம். முதன்மை ஃபியூஸை கிளாஸ் டி (Class T) வகையாக வாங்குங்கள்.

வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பிரேக்கரை 12 வோல்ட் பக்கத்தில் மாட்டுவதும் ஆபத்து. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது, அந்தக் கணத்தில் பொறி தானாக அணையும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. டிசி எனப்படும் இந்த நேர் மின்சாரத்துக்கென்றே தயாரித்த பிரேக்கர்தான் வேண்டும். அதில் பாசிட்டிவ் குறியீடு இருந்தால் திசை மாறாமல் பூட்டுங்கள்.

எறும்பும் பல்லியும் கன்ட்ரோலருக்குள் குடியேறுவது நம் ஊரில் சாதாரணம். ஆண்டுக்கு இரு முறையாவது மூடியைத் திறந்து பாருங்கள்.

230 வோல்ட் பக்கம்

இன்வர்ட்டரில் இருந்து கேம்பருக்குள் மூன்று முனைச் சாக்கெட்டுகள் இழுக்கும் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். வெளி மின்சாரமும் இன்வர்ட்டரும் ஒரே சாக்கெட்டுக்கு வருவதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் மாற்றுச் சுவிட்ச் கட்டாயம். இரண்டும் மோதினால் முதலில் வெடிப்பது இன்வர்ட்டர்.

மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி வைத்துவிட்டோம், பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிறிய இன்வர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் எங்கும் இணைந்திருப்பதில்லை. அந்த நிலையில் எர்த்துக்குக் கசிவு ஏற்பட்டாலும் மின்சாரம் திரும்பி வரச் சுற்று கிடையாது, ஆர்சிசிபி அதை உணராது. ஆனால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக விழும். பொத்தான் தன் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிக்கொள்வதால் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எனவே சாக்கெட்டில் செருகி எர்த்துக்கு உண்மையான கசிவை விடும் ஆர்சிசிபி சோதனைக் கருவியால் வயர்மேன் சோதிக்கட்டும். விழவில்லை என்றால், உங்கள் இன்வர்ட்டரின் கையேடு நியூட்ரலை எர்த்தோடு இணைக்க அனுமதிக்கிறதா என்று அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள்; எல்லா வகையும் அனுமதிப்பதில்லை. அனுமதிக்காத இன்வர்ட்டரை மாற்றிவிட்டுத்தான் சாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டும்.