கார்வை நீண்டு ஒலிக்க: எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் பெடல்

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரே மீட்டில் ஒரு சுரத்தைப் பிடித்து, தந்தியை வளைத்து நான்கைந்து அசைவுகள் கொடுக்க முயன்றவர்களுக்கு, மூன்றாவது அசைவிலேயே ஒலி தேய்ந்துபோகும் ஏமாற்றம் தெரிந்திருக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் கார்வை, அதாவது மீட்டிய சுரம் நின்று ஒலிக்கும் நேரம், நீளும். ஆனால் தெளிந்த ஒலி கைவிட்டுப் போய்விடும். தெளிவும் வேண்டும், கார்வையும் வேண்டும் என்பவர்களுக்கு உரிய கருவி, கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவே இணைத்துக் காலால் இயக்கும் கம்ப்ரஸர் பெடல். 1970-களில் லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவின் லோவெல் ஜார்ஜ், தந்தியின் மீது குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரில் எழுப்பிய, பாடுவதுபோல் நீளும் ஒலியில் கம்ப்ரஸருக்குப் பெரும் பங்கு உண்டு.

கம்ப்ரஸர் தந்தியை அதிக நேரம் அதிரவைப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது மீட்டின் தலையைத் தணித்து, அதன் வாலை உயர்த்திக் காட்டுகிறது. 4:1 என்ற விகிதத்தில் அமைந்த கம்ப்ரஸரில், குறித்த வரம்புக்கு மேல் 12 டெசிபல் எழும் ஒலி 3 டெசிபல் மட்டுமே எழும். அதாவது மீட்டும் வில்லையான பிக் தந்தியில் படும் அந்த உச்சம் 9 டெசிபல் தணிகிறது. பிறகு லெவல் குமிழால் மொத்த ஒலியையும் அதே 9 டெசிபல் உயர்த்தினால், உச்சம் பழைய இடத்துக்கே வந்துவிடும். வரம்புக்குக் கீழே தேய்ந்துகொண்டிருக்கும் பகுதியோ முன்பைவிட 9 டெசிபல் உரத்துக் கேட்கும். இதைத்தான் நம் காது நீண்ட கார்வையாக உணர்கிறது.

ஆகவே, தந்தியே சீக்கிரம் அடங்கிவிடும் கிட்டாருக்குப் பெடல் பெரிதாக உதவாது. துருவேறிய தந்திகளை மாற்றுங்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் தந்தி உரசுகிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பின் உயரம். ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிட்டாரில் பிக்கப் தந்தியை நெருங்கி நின்றால், அதன் காந்தம் தந்தியைப் பிடித்திழுத்து அதிர்வைக் குறைப்பதோடு சுருதியையும் கலங்கடிக்கும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்தால், பழைய பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்குக் கனத்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பது நல்ல தொடக்கம்.

இணைப்பு வரிசையில் கம்ப்ரஸரை ஓவர்டிரைவுக்கும் (மென்மையான கரகரப்பு) டிஸ்டார்ஷனுக்கும் முன்னால் வையுங்கள். டிஸ்டார்ஷன் தானே ஒலியின் உச்சங்களை வெட்டிவிடுவதால், அதற்குப் பின்னால் வைக்கும் கம்ப்ரஸருக்கு இரைச்சலை உயர்த்துவதைத் தவிர அதிக வேலை இருக்காது. முரட்டுக் கரகரப்பைத் தரும் பழைய பாணி ஃபஸ் பெடல்கள் மட்டும் விதிவிலக்கு. அவை கிட்டாரோடு நேரடியாக இணைந்தால்தான் சரியாக ஒலிக்கும் என்பதால் கம்ப்ரஸருக்கு முன்னால் நிற்கட்டும். எதிரொலி தரும் டிலேயும், அறையின் முழக்கம் தரும் ரிவெர்பும் பின்னால் வர வேண்டும்.

இனி அமைப்புக்கு வருவோம். எம்எக்ஸ்ஆர் டைனா காம்பில் அவுட்புட், சென்சிடிவிட்டி என்று இரண்டே குமிழ்கள்; பாஸ் சிஎஸ்-3 பெடலில் லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன் என்று நான்கு. எதுவாக இருந்தாலும், ஆம்ப்பைத் தெளிந்த ஒலியில் வைத்துக்கொண்டு, சென்சிடிவிட்டி அல்லது சஸ்டெய்னை அடிமட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஜி தந்தியின் 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை மீட்டி, அது முற்றிலும் அடங்கும்வரை கையை எடுக்காமல் கேளுங்கள். குமிழைச் சிறிது திருகி, அதே விசையில் மறுபடி மீட்டுங்கள். ஓர் இடத்தில் சுரத்தின் நடுப்பகுதி சரியாமல் மட்டமாக நிற்கத் தொடங்குவது காதுக்குப் புலப்படும். அதற்கு மேலும் திருகினால், மீட்டிய கணம் அமுங்கி, ஒலி பின்னாலிருந்து வீங்கி வருவதுபோல் கேட்கும். அந்த வீக்கம் தென்படும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி நிறுத்துவதே என் வழக்கம்.

அட்டாக் என்பது கம்ப்ரஸர் எவ்வளவு விரைவாகப் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. உடனே பிடித்தால் பிக்கின் 'டக்' என்ற ஓசை மழுங்கிவிடும். ஸ்லைடுக்கு அது அழகு, வேகமான சுரக்கோவைகளுக்குப் பொருந்தாது. 10 முதல் 30 மில்லிசெகண்ட் வரை தாமதித்தால் மீட்டின் கூர்மை தப்பும். குமிழை வலப்பக்கம் திருகினால் விரைவா, தாமதமா என்பது பெடலுக்குப் பெடல் மாறுவதால், எழுத்தை நம்பாமல் அந்த 'டக்' ஓசையையே கேட்டு முடிவுசெய்யுங்கள். தணித்த ஒலியைக் கம்ப்ரஸர் எவ்வளவு விரைவாக விடுவிக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் ரிலீஸ் குமிழ் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது மிக மெதுவாக இருந்தால், தந்தி தேயும் வேகத்துக்கு ஈடாகப் பெடல் ஒலியை உயர்த்தாது. நாம் தேடும் கார்வையே கிடைக்காமல் போகும். மிக விரைவாக இருந்தாலோ கனத்த தந்திகளின் ஒலி கரகரக்கும். பிளெண்ட் குமிழ் உள்ள பெடலில் மூல ஒலியையும் கலந்துகொள்ளலாம். மீட்டின் உயிர்ப்பும் வாலின் நீளமும் ஒருசேரக் கிடைப்பதால், புதிதாக வாங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

கடைசியாக லெவல். பெடலைப் போட்டாலும் எடுத்தாலும் ஒலி ஒரே அளவில் இருக்கும்படி வையுங்கள். சற்றே உரத்து வைத்துவிட்டால், வெறும் உரப்பையே நீண்ட கார்வை என்று காது தவறாக எடுத்துக்கொள்ளும்.

இரைச்சல் இதன் தவிர்க்க முடியாத விலை. தந்தி அடங்க அடங்கப் பெடல் ஒலியை உயர்த்துவதால், பிக்கப்பின் ஹம் என்ற ரீங்காரமும் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்தே எழும். ஒரு திருவிழா மெல்லிசை மேடையில் சஸ்டெய்னை முழுவதும் திருகி வாசித்தேன். பாட்டு ஓடும்வரை குறையேதும் தெரியவில்லை. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கிய அமைதியில், மேடை விளக்குகளின் ஹம் முழுவதும் என் ஆம்ப் வழியாக எழுந்து அவர் குரலையே மூடியது. அதன்பின் பாட்டு முடிந்ததும் பெடலை அணைப்பதோடு, கிட்டாரின் வால்யூமையும் மூடிவிடுகிறேன். பல பெடல்களை ஒரே அடாப்டரில் கோத்திருந்தால், கம்ப்ரஸருக்கு மட்டுமாவது தனி 9 வோல்ட் இணைப்புக் கொடுங்கள். இரைச்சலில் ஒரு பகுதி அங்கேயே ஒழியும்.

வாசிக்கும் கையும் சற்று மாற வேண்டும். மெல்லிய ஓசைகளையெல்லாம் பெடல் தூக்கிக் காட்டும் என்பதால், வாசிக்காத தந்திகள் தாமாக முனகுவதும், விரல் தந்தியை விட்டெழும் ஓசையும் வெளியே கேட்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கனத்த தந்திகளின் மீது படியவைத்து, இடது சுட்டுவிரலின் அடிப்பகுதியால் மெல்லிய தந்திகளைத் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு தந்தி மட்டும் அதிரும்படி மெதுவாக வாசித்துப் பழகுங்கள்; அந்த அடக்கம் கைக்கு வந்தபின் சஸ்டெய்னை இன்னும் சிறிது உயர்த்திப் பார்க்கலாம்.