மலையில ஆளாளுக்கு அளக்குற மழைக்கணக்கை ஒரே ஃபார்மட்டுக்குக் கொண்டு வர்றது எப்படி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் நாங்க அஞ்சு பேரு வீட்லயும் தோட்டத்துலயும் மழைமானி வெச்சிருக்கோம், ரெண்டு பேருகிட்ட டெம்பரேச்சர் லாகரும் (வெப்பநிலையைத் தானா பதிஞ்சு வைக்கிற கருவி) இருக்கு. ஒரு வருஷம் அளந்து முடிச்சு எல்லாத்தையும் ஒரே ஷீட்ல ஒட்டிப் பாத்தா, குன்னூர்ல கொட்டுற மழையெல்லாம் அச்சு அசலா மறுநாள் கோத்தகிரில கொட்டுது. வடகிழக்குப் பருவமழைல மேகம் அப்படித்தான் நகருது போலன்னு ஒரு வாரம் பேசிக்கிட்டு இருந்தோம். அப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டு பேருமே காலைல 8.30-க்குத்தான் அளக்குறோம், ஆனா கோத்தகிரில நான் அளந்த தேதிக்கு நேரா எழுதுறேன், குன்னூர் நண்பரு மழை பெஞ்சது நேத்துதானேன்னு முந்தின நாள் தேதிக்கு எழுதுறாரு. பெஞ்சது ஒரே மழைதான்.

அதனால இதை ஆரம்பிக்கப் போறவங்களுக்கு முதல்ல சொல்றது, ஃபைல் சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்து ஃபைல்) எக்செல்லான்னு கடைசில பாத்துக்கலாம், அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நாள் உக்காந்து ஒவ்வொரு நம்பரும் எதைக் குறிக்குதுன்னு ஒத்துக்கோங்க. எங்களுக்கு அதுக்கே ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

நேரத்துல இருந்து தொடங்குங்க. வானிலைத் துறை கணக்குல மழை நாள்னா காலை 8.30-ல இருந்து மறுநாள் 8.30 வரைக்கும், முடியுற நாளோட தேதிதான் அதுக்குத் தேதி. அதையே எடுத்துக்கிட்டா பின்னாடி அவங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாக்கவும் வசதி. எழுதுறப்ப வருஷம், மாசம், தேதி, மணி, கடைசில இந்திய நேரம்னு காட்ட +05:30, அதாவது 2024-12-05 08:30 +05:30 அப்படின்னு முழுசா எழுதுங்க. 05/12-ன்னு எழுதினா ஒரு கம்ப்யூட்டர் டிசம்பர் 5-ன்னு எடுத்துக்கும், இன்னொண்ணு மே 12-ன்னு எடுத்துக்கும், எங்க பக்கம் மே மாசமும் மழை பெய்யுங்குறதால தப்பு கண்ணுலயே படாது. லாகர் சிலது யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடும், அதுல 3 மணின்னு இருந்தா நமக்கு காலை 8.30. அதோட லாகர் கடிகாரம் மெதுவா தள்ளிப் போகும், ஒவ்வொரு தடவை டேட்டா எடுக்குறப்பவும் போன்ல என்ன மணி, லாகர்ல என்ன மணின்னு ரெண்டையும் குறிச்சு வைங்க.

அடுத்தது யூனிட். பழைய எஸ்டேட் ரெஜிஸ்டர்ல மழை இன்ச், சென்ட்ல இருக்கும், 2 இன்ச் 35 சென்ட்னா 2.35 இன்ச், அதாவது 59.69 மில்லிமீட்டர். இப்படி மாத்தி எழுதுறப்ப பழைய நம்பரையும் பக்கத்துல இன்னொரு காலத்துல (ஷீட்ல மேலேருந்து கீழ வர்ற வரிசை) அப்படியே விட்டு வைங்க. தண்ணி ரொம்பினதும் சின்ன வாளி கவிழுற மாதிரி ஆட்டோமேட்டிக் மழைமானி வெச்சிருந்தா எத்தனை தடவை கவிழ்ந்துச்சு, ஒரு தடவைக்கு எத்தனை மில்லிமீட்டர்னு ரெண்டையும் எழுதுங்க. சிலதுல 0.2, சிலதுல 0.254, நாளைக்கு அந்த எண்ணு தப்புன்னு தெரிஞ்சா எண்ணிக்கையை வெச்சு மறுபடி கணக்குப் போட்டுக்கலாம், மொத்தம் மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

காத்தழுத்தம் இன்னும் மோசம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்குறதால அங்க நேரடியா அளந்தா 780 ஹெக்டோபாஸ்கல் பக்கம்தான் வரும், ஆனா பல கருவி கடல்மட்டத்துக்கு மாத்தி 1010, 1015-ன்னு காட்டும். ரெண்டும் சரியான நம்பர்தான், ஆனா ரெண்டையும் 'பிரஷர்'ங்குற ஒரே காலத்துல போட்டா அந்தக் காலமே வீண். ஸ்டேஷன் அழுத்தம், கடல்மட்ட அழுத்தம்னு தனித்தனியா பேரு வைங்க.

வெறும் கட்டமும் பூஜ்யமும் ஒண்ணு இல்லங்குறதுல கண்டிப்பா இருங்க. பூஜ்யம்னா அளந்தேன், மழை இல்ல. வெறும் கட்டம்னா அளக்கல. ஊருக்குப் போன நாளுக்கு 0 போட்டா அது இல்லாத வறட்சியைக் காட்டும். அளக்கலங்குறதுக்கு -99 மாதிரி நம்பரும் வேண்டாம், யாராவது தெரியாம சராசரி எடுத்தா கணக்கே கெட்டுடும். சந்தேகமான அளவை அழிக்காதீங்க, 'சரி', 'சந்தேகம்', 'கருவி கோளாறு'ன்னு தரத்துக்கு ஒரு காலம் வெச்சு அதுல எழுதுங்க. நாங்க முதல்ல ஒரு நாளைக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல வந்தா தானா நீக்கிடலாம்னு விதி போட்டோம், அப்புறம் ஒருத்தரு ஞாபகப்படுத்தினாரு, 2019 ஆகஸ்ட்ல நம்ம நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுதே, அதையும் இந்த விதி தூக்கிப் போட்டிருக்குமேன்னு. அன்னைக்கே நீக்குற விதியை எடுத்துட்டோம்.

அளவு ஒரு ஃபைல்ல இருக்கட்டும், அளந்த இடம் இன்னொரு ஃபைல்ல இருக்கட்டும். ஊட்டின்னு ஒருத்தரு, உதகைன்னு ஒருத்தரு, உதகமண்டலம்னு ஒருத்தரு எழுதினா கம்ப்யூட்டருக்கு அது மூணு ஊரு, அதனால ஒவ்வொரு இடத்துக்கும் கோத்-01 மாதிரி ஒரு ஐடி. இடத்துக்கான ஃபைல்ல அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கருவி மாடல், என்னைக்கு வெச்சது எல்லாம் வரணும். அட்சரேகையை தசமத்துல எழுதுங்க, 11 டிகிரி 24 நிமிஷத்தை 11.24-ன்னு எழுதிட்டா இடம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தெக்கே தள்ளிப் போயிடும், சரியானது 11.40. சென்சார் தரைல இருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னும் கட்டாயம் எழுதுங்க, ஜனவரில புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்குறப்பவும் ஆளு உயரத்துல மாட்டின சென்சார் பூஜ்யத்துக்கு மேலதான் காட்டும், இந்த விவரம் இல்லன்னா படிக்கிறவங்க அன்னைக்கு பனியே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. கருவியை மாத்தினா புது கருவி ஐடி.

இந்த மாதிரி விவரத்தை டேட்டா கூடவே வைக்கிறதுக்கு நல்ல உதாரணம் பழனி மலையிலயே இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல நூறு வருஷத்துக்கும் மேல எடுத்த சூரியப் படங்களை டிஜிட்டலா மாத்தி ஃபிட்ஸ்ங்குற வானியல் ஃபைல் ஃபார்மட்ல வெச்சிருக்காங்க. 1981-ல வெளியான ஃபார்மட் அது, ஃபைலோட தலைப்பகுதில 80 எழுத்து வரி வரியா எப்ப எடுத்தது, எதுல எடுத்தது, படத்தோட அளவு என்னன்னு இருக்கும். ஸ்டாண்டர்ட் எத்தனை தடவை திருத்தினாலும் பழைய ஃபைல் செல்லாமப் போகக் கூடாதுங்குறது அவங்க விதி. நாமளும் அதையே பிடிச்சுக்கலாம், ஒரு காலத்தோட அர்த்தத்தை நடுவுல மாத்தாதீங்க, வேணும்னா புதுசா ஒரு காலம் சேத்து வெர்ஷன் நம்பரை ஏத்துங்க.

இதெல்லாம் முடிவான பிறகு ஃபைல் எழுதுறது சுலபம். ஒரு வரிக்கு ஒரு அளவு, சாதா சிஎஸ்வி போதும்:

ஸ்டேஷன், நேரம், என்ன அளவு, மதிப்பு, யூனிட், தரம்
கோத்-01, 2024-12-05 08:30 +05:30, மழை 24 மணி, 31.8, மிமீ, சரி

யூடிஎஃப்-8-ங்குற எழுத்துக் குறியீட்டுல சேவ் பண்ணுங்க, இல்லன்னா தமிழ்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும். எக்செல்ல தொறந்து அப்படியே சேவ் பண்ணாதீங்க, தேதியை அது இஷ்டத்துக்கு மாத்திடும். நிமிஷத்துக்கு நிமிஷம் பதியுற கருவி நிறைய சேந்தா அப்ப பெரிய அறிவியல் டேட்டாவுக்கான நெட்சிடிஎஃப் ஃபார்மட் பக்கம் போகலாம், அஞ்சு மழைமானிக்கு அது தேவையில்ல.

கடைசியா, நம்ம கூட்டத்துல இல்லாத ஒருத்தருக்கு ஒரு மாச ஃபைலையும், ஒவ்வொரு காலமும் எதைக் குறிக்குதுன்னு எழுதின விளக்கக் குறிப்பையும் மட்டும் அனுப்பி, அதிகமா மழை பெஞ்ச நாள் எது, எவ்வளவுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அவரு போன் பண்ணி என்ன கேக்குறாரோ அதெல்லாம் நம்ம குறிப்புல விட்டுப் போனது. எங்ககிட்ட கேட்டது, வாளி கவிழ்ந்த எண்ணிக்கை ஒரு மணி நேரத்துக்கா இல்ல கருவி வெச்ச நாள்ல இருந்து மொத்தமான்னு. அஞ்சு பேருல யாருமே அதை எழுதி வைக்கல, அன்னைக்குச் சாயங்காலமே சேத்து வெர்ஷன் 1.1-ன்னு போட்டோம்.